ஒரே மாநிலம், 564 வரி விகிதங்கள்: நியூ ஜெர்சி வீட்டு வரி – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் வீட்டு வரிக்குப் பேர்போன மாநிலம் நியூ ஜெர்சி. 2023இல் அங்கே ஒரு வீட்டுக்கு விழுந்த சராசரி வரி 9,803 டாலர். 2024இல் அது 10,095 ஆகி, முதல்முறையாக ஐந்து இலக்கத்தைத் தொட்டது. பத்திரிகைகள் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் இதை வைத்து அந்த மாநிலத்தில் எந்த ஒரு வீட்டின் வரியையும் ஊகிக்க முடியாது. நியூயார்க்குக்கு ரயிலில் போய்வரும் வசதிபடைத்தவர்கள் வாழும் மில்பர்னில் சராசரி 20,000 டாலரைத் தாண்டுகிறது. தெற்கே காய்கறி விளையும் கம்பர்லாந்து கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) மாநிலச் சராசரியில் பாதிதான். வடமேற்கு மூலையில் வால்பாக் என்று ஓர் ஊர். அணை கட்டப்போகிறோம் என்று மத்திய அரசு நிலத்தையெல்லாம் கையகப்படுத்தியது, அணை வரவேயில்லை, ஊரும் காலியாகிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் 7 பேர். அவர்கள் கட்டும் வரி சில நூறு டாலர்.

பரப்பளவில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மாநிலத்துக்குள் எப்படி இவ்வளவு ஏற்றத்தாழ்வு? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. இதில் அக்கறை கொள்ள நமக்குக் காரணமும் இருக்கிறது. எடிசன், பிஸ்கடாவே, ஜெர்சி சிட்டி என்று தமிழர்கள் அடர்ந்து வாழும் ஊர்கள் இங்கே நிறைய. வீடு வாங்கப் போகிற எவரும் கூரை எத்தனை வருஷத்துப் பழசு என்று கேட்பதற்கு முன், "டாக்ஸ் எவ்ளோ வருது?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். "வரி அதிகம்" என்று சொல்லும்போது இருவேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று, பில்லில் வரும் தொகை. இன்னொன்று, வீட்டின் சந்தை விலையில் அந்தத் தொகை எத்தனை சதவீதம் என்பது. இவ்விரண்டுக்கும் தனித்தனியாகப் பட்டியல் போட்டால் இரண்டும் ஏறத்தாழத் தலைகீழாக நிற்கும். தொகையில் முன்னிற்பவை மில்பர்ன், டெனாஃப்லை போன்ற பணக்கார ஊர்கள். சதவீதத்தில் முன்னிற்பவை கேம்டன் கவுன்ட்டியில் உள்ள சின்னஞ்சிறு பழைய ஊர்கள். உதாரணம் வுட்லின். மூவாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர், ஒரு மணி நேரத்தில் முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். மாநிலத்திலேயே மிக உயர்ந்த வரிச் சதவீதங்களில் ஒன்று அங்கேதான். வீட்டு விலை மலிவு என்பதால் பில் தொகை மாநிலச் சராசரியைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே செய்தியில் அடிபடுவது மில்பர்ன்காரரின் பில். விலையோடு ஒப்பிட்டால் அதிகம் இழப்பவர் வுட்லின்காரர்.

வரி எப்படிப் பிறக்கிறது

வருமான வரியில் அரசு முதலில் விகிதத்தை நிர்ணயிக்கும், பிறகு வசூலாவது வசூலாகும். இங்கே முறை நேர்மாறு. ஊராட்சி (கிராமமோ நகரமோ, அதன் உள்ளூர் நிர்வாகம்), பள்ளி மாவட்டம் (ஓர் ஊரின் அல்லது சில ஊர்களின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), கவுன்ட்டி ஆகிய மூன்றும் தனித்தனியாக பட்ஜெட் போடும். மாநில உதவி, கட்டணங்கள், அபராதங்கள் இத்யாதி போக மிச்சம் எவ்வளவு தேவையோ, அதுதான் சொத்து வரியாக வசூலிக்க வேண்டிய தொகை. அந்தத் தொகையை ஊரிலுள்ள வரிக்குரிய சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தால் வருவது விகிதம். நூறு டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர் என்று அதை எழுதுவார்கள்.

கணக்குக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வசூலிக்க வேண்டியது 4 கோடி டாலர். ஊரின் மொத்த மதிப்பு 200 கோடி. விகிதம் நூற்றுக்கு 2. ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு 10,000 டாலர் வரி. இப்போது ஊரில் இருந்த 50 கோடி மதிப்புள்ள மருந்துத் தொழிற்சாலை மூடிப்போகிறது. பள்ளிப் பிள்ளைகள் குறையவில்லை, போலீஸ்காரர் சம்பளம் குறையவில்லை. அதே 4 கோடியை 150 கோடியால் வகுத்தால் நூற்றுக்கு 2.67. அதே வீட்டுக்கு 13,333 டாலர். யாரும் எந்தச் செலவையும் கூட்டவில்லை, எந்தக் கவுன்சிலரும் வரியை உயர்த்தத் தீர்மானம் போடவில்லை.

ஆக, விகிதம் என்பது ஒரு விளைவு. அந்த வகுத்தலின் மேலே எத்தனை பிள்ளைகளுக்கான செலவு, கீழே எவ்வளவு சொத்து, இரண்டையும் எந்த எல்லைக்கோட்டுக்குள் வைத்து வகுக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

மேலே உள்ள தொகையில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் எளிதில் பிடிபடாத இடம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநில அரசிடமிருந்து வருகிறது. பக்கத்து ஊரில் தொழிற்சாலை இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நியூ ஜெர்சியில் ஏறக்குறைய 600 பள்ளி மாவட்டங்கள், ஒவ்வொன்றும் தன் ஊர் வீடுகளிடம் கையேந்தித்தான் பெரும்பங்கைத் திரட்டுகிறது. (நமக்குப் பரிச்சயமான ஒரு வரி பில்லில் உண்டு: நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று தனியே பிடிப்பது சென்னையிலும் உண்டு, எடிசனிலும் உண்டு.)

எல்லைக்கோடுகளை யார் போட்டார்கள்

நியூ ஜெர்சியில் இப்போது 564 ஊராட்சிகள். பெர்கன் கவுன்ட்டியில் மட்டும் 70. இப்படித் துண்டு துண்டாக்கிய வேலை பெரும்பாலும் 1890களில் நடந்தது. 1894இல் வந்த ஒரு பள்ளிச் சட்டம், ஒவ்வொரு டவுன்ஷிப்பும் (பல கிராமங்கள் அடங்கிய ஊராட்சி) ஒரே பள்ளி மாவட்டமாக வேண்டும் என்றது. அதாவது, பக்கத்துக் கிராமத்தின் பள்ளிக் கடனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஆனால் தனி 'பரோ'வாக, அதாவது தனிச் சிறு ஊராட்சியாக, பிரிந்துவிட்டால் அந்தச் சுமை இல்லை. அவ்வளவுதான், பெர்கனில் ஒரே ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட பரோக்கள் முளைத்தன. பங்காளி கடனில் பங்கு கொடுக்காமல் இருக்கத் தனிக்குடித்தனம் போன கதை.

அதன்பிறகும் பிரிவினை ஓயவில்லை. 1921இல் டேவிஸ்டாக் என்று ஒரு பரோ உண்டாயிற்று. பக்கத்திலிருந்த ஹேடன்ஃபீல்டில் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடத் தடை இருந்ததால், கோல்ஃப் கிளப் உறுப்பினர்கள் தங்கள் மைதானத்தையே தனி ஊராக்கிக்கொண்டார்கள். 2020இல் அதன் மக்கள்தொகை 9. சட்டப்படி அதுவும் ஓர் ஊராட்சி.

டெட்டர்பரோவின் கதை வேறு மாதிரி. விமான நிலையம், கிடங்குகள், தொழிற்கூடங்கள் நிறைந்த ஊர். 2020இல் அங்கு குடியிருந்தவர்கள் 61 பேர். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம், சொந்தப் பள்ளியே கிடையாது. தொழிற்கூடங்கள் அத்தனையும் வகுத்தலின் கீழ்ப்பக்கத்தில் நிற்கின்றன, மேல்பக்கம் காலி. வரி விகிதம் சுற்றியுள்ள ஊர்களைவிடக் குறைவு. அந்தக் கிடங்குகளில் வேலை செய்பவர்கள் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள், அவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைப்பது அந்தப் பக்கத்து ஊர்களின் வீடுகள். 2010இல் டெட்டர்பரோவைக் கலைத்துச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை.

கடலோரத்தில் இதே கணக்கு இன்னும் அழகாக வேலை செய்கிறது. கேப் மே கவுன்ட்டியின் ஆவலான், ஸ்டோன் ஹார்பர் ஊர்களில் வீடுகள் பல லட்சங்களில் தொடங்கிக் கோடிக் கணக்கில் போகும். பெரும்பாலானவை ஃபிலடெல்ஃபியாக்காரர்களும் மற்றவர்களும் வாங்கிப்போட்ட கோடைக்கால வீடுகள். சொந்தக்காரரின் பிள்ளைகள் வேறு ஊரில் படிக்கிறார்கள். மதிப்பு மலைபோல, மாணவர் கைப்பிடி அளவு. வரி நூற்றுக்கு ஒரு டாலரைக்கூடத் தொடாது. வுட்லினில் கூலி வேலைக்குப் போகிற ஒருவர் தன் வீட்டு விலையில் கட்டும் சதவீதம், ஆவலானில் கடற்கரை மாளிகை வைத்திருப்பவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு. மாநில அரசியல் சாசனம், சொத்துகளை ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்கிறது. அந்தச் சமத்துவம் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு குழப்பம்

தோசைக்கும் நகைக்கும் பேர்போன ஓக் ட்ரீ ரோடு எடிசனிலும் ஓடுகிறது, ஐஸ்லினிலும் ஓடுகிறது. ஐஸ்லின், வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்தது. அந்தத் தெருவில் காபி குடித்தபடி இரண்டு பேர் பேசுவது அடிக்கடி காதில் விழும் வகை:

"ஏங்க, உங்க ஐஸ்லின் பக்கம் டாக்ஸ் ரேட் பத்துக்கு மேல போகுதாமே? எங்க எடிசன்ல அதுல பாதிதான். எப்படிங்க சமாளிக்கிறீங்க?"

"ரேட்டப் பாத்து பயப்படாதீங்க. வீட்டுக்கு அசெஸ்மென்ட் எவ்ளோ போட்டிருக்காங்கன்னு பாருங்க. எங்க வீடு ஏதோ மாட்டுக்கொட்டாய் மாதிரி போட்டிருக்காங்க."

இரண்டாமவர் சொல்வது சரி. வுட்பிரிட்ஜின் வெளியிடப்பட்ட விகிதம் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு 10 டாலரைத் தாண்டியது உண்மை. எடிசனில் 5 டாலருக்கு மேல். ஆனால் இரண்டு ஊர்களிலும் மதிப்பீடு பல பத்தாண்டுகளுக்கு முந்தைய விலையில் உறைந்து கிடக்கிறது. ஆறு லட்சம் டாலருக்கு விற்கக்கூடிய வீட்டை ஓர் ஊரின் ஏட்டில் 1,20,000 என்று எழுதி நூற்றுக்கு 11 விதித்தால் வரி 13,200. இன்னோர் ஊரில் 2,10,000 என்று எழுதி நூற்றுக்கு 6 விதித்தால் 12,600. ஏட்டில் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு, பில்லில் வித்தியாசம் 600 டாலர். (இவை விளக்கத்துக்கான எண்கள், அந்த ஊர்களின் கணக்கு அல்ல.)

இதனால்தான் மாநில அரசு ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விகிதாச்சாரத்தை வெளியிடுகிறது. அந்த ஆண்டு விற்ற வீடுகளின் விலையையும் அவற்றின் ஏட்டு மதிப்பையும் ஒப்பிட்டுக் கணிப்பது அது. கவுன்ட்டி வரியைப் பங்கிடும்போது அந்த விகிதாச்சாரத்தால் எல்லா ஊர்களையும் சந்தை மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே பங்கிடுகிறார்கள். இல்லையென்றால் ஏட்டில் குறைத்து எழுதும் ஊர் கவுன்ட்டிச் செலவில் தப்பித்துக்கொள்ளுமே. வீடு வாங்குபவர் இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் வெறும் விகிதத்தைப் பார்ப்பதில் பயனே இல்லை. போன ஆண்டு கட்டிய வரியை இந்த ஆண்டின் விற்பனை விலையால் வகுத்துப் பார்ப்பதே போதும்.

ஜெர்சி சிட்டி: முப்பது ஆண்டுத் தூக்கம்

மதிப்பீடு உறைந்து கிடப்பதால் ஊருக்கு ஊர் ஒப்பிடுவதில் குழப்பம் மட்டுமே. ஆனால் ஒரே ஊருக்குள் அது அநியாயமாகவே மாறும். ஜெர்சி சிட்டியில் 1988க்குப் பிறகு முழு மறுமதிப்பீடு நடக்கவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் ஹட்சன் நதிக்கரை ஓரம் இருந்த ரயில்வே யார்டுகளும் பழைய கிடங்குகளும் கண்ணாடிக் கோபுரங்களாயின. டவுன்டவுன் பகுதியின் பழைய செங்கல் வீடுகள் பத்து மடங்கு விலைக்குப் போயின. தெற்கே கிரீன்வில் பகுதியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் தெருக்களில், விலை அப்படி ஏறவில்லை. ஆனால் ஏட்டில் இரண்டுக்கும் 1988இன் மதிப்பே. விளைவு: விலை ஏறாதவர், விலை ஏறியவரின் வரியில் ஒரு பங்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மறுமதிப்பீட்டை ஒருமுறை தொடங்கவும் செய்தார்கள். 2013இல் பதவிக்கு வந்த மேயர் ஸ்டீவன் ஃபுலப் அதை நிறுத்தினார். வரி ஏறப்போகிற வீட்டுக்காரர் மேயரின் அலுவலகத்துக்குத் தேடி வருவார், இறங்கப்போகிறவருக்குத் தனக்கு நஷ்டம் நடக்கிறது என்பதே தெரியாது. எந்த மேயருக்கும் இதில் லாபம் இல்லை. கடைசியில் 2016இல் மாநில வரித்துறை உத்தரவு போட்டது. ஜெர்சி சிட்டியோடு எலிசபெத், டனெலன் ஊர்களுக்கும் அதே உத்தரவு.

2018இல் புதிய மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கு 7 டாலருக்கு மேல் இருந்த விகிதம் ஒன்றரை டாலர் அருகே இறங்கியது. டவுன்டவுனில் சிலரின் வரி இரண்டு மடங்கு, அதற்கும் மேலாக ஏறியது. கிரீன்வில்லிலும் ஹைட்ஸ் பகுதியிலும் பலருக்குக் குறைந்தது. ஊர் மொத்தமாக வசூலித்த தொகையில் மறுமதிப்பீட்டால் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. இதைப் புரியவைப்பது அசெஸ்ஸர்களுக்கு, அதாவது சொத்தை மதிப்பிடும் அதிகாரிகளுக்கு, இன்றுவரை பெரும்பாடு.

ஜெர்சி சிட்டியில் இன்னொரு முடிச்சும் உண்டு. நதிக்கரைக் கோபுரங்களில் பலவும் வழக்கமான சொத்து வரி கட்டுவதில்லை. கட்டட முதலாளிகளைக் கவர்வதற்காகக் கொடுத்த நீண்டகால ஒப்பந்தங்களின்படி, வரிக்குப் பதிலாக ஒரு தொகை கட்டுகிறார்கள். அந்தத் தொகையில் 95 சதவீதம் ஊராட்சிக்கு, 5 சதவீதம் கவுன்ட்டிக்கு, பள்ளிக்கு ஒன்றுமில்லை. பாலைவனமாகக் கிடந்த நதிக்கரைக்கு 1980களில் இப்படிச் சலுகை கொடுத்ததைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சலுகையின் சுவை ஊராட்சிக்குப் பிடித்துப்போய்விட்டது. வழக்கமான வரியென்றால் பள்ளியோடு பங்கு போட வேண்டும், ஒப்பந்தமென்றால் ஏறக்குறைய எல்லாம் தனக்கே.

நீதிமன்றம் பள்ளிகளை மூடிய கோடை

இந்த ஏற்றத்தாழ்வை யாரும் எதிர்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே அதிகம் பேசப்பட்ட பள்ளி நிதி வழக்குகளில் சில இங்கிருந்துதான் புறப்பட்டன. 1973இல் ராபின்சன் எதிர் கேஹில் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், சொத்து வரியை நம்பிய பள்ளி நிதி முறை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ராபின்சன் என்பவர் ஜெர்சி சிட்டி மாணவர், கேஹில் அப்போதைய ஆளுநர். சட்டமன்றம் மூன்று ஆண்டு இழுத்தடித்தது. அப்போது நியூ ஜெர்சியில் மாநில வருமான வரியே கிடையாது, அதைக் கொண்டுவர உறுப்பினர்கள் பலருக்குத் துணிச்சல் இல்லை. பொறுமை இழந்த நீதிமன்றம், 1976 ஜூலை 1 முதல் பொதுப் பள்ளிகளுக்கு ஒரு டாலரும் செலவழிக்கக் கூடாது என்று தடை போட்டது. கோடை விடுமுறை வகுப்புகள் நின்றன. ஒரு வாரம் போனதும் வருமான வரி மசோதா நிறைவேறியது, ஆளுநர் பிரெண்டன் பர்ன் கையெழுத்திட்டார். அந்த வருமான வரி சொத்து வரிச் சுமையைக் குறைக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்று சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அடுத்து அபட் எதிர் பர்க். 1981இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீண்ட வழக்கு. 1990 தீர்ப்பு, ஏழை நகரப் பள்ளி மாவட்டங்களுக்குப் பணக்கார ஊர்களுக்கு இணையான நிதி வேண்டும் என்றது. அந்தப் பட்டியல் பின்னர் 31 மாவட்டங்களாயிற்று: நியூவர்க், கேம்டன், பேட்டர்சன், ஜெர்சி சிட்டி முதலியவை. இன்று கேம்டன் நகரப் பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநில அரசின் பணம்.

இதன் பக்கவிளைவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பட்டியலில் உள்ள நகரத்துக்குப் பள்ளிச் சுமை குறைந்தது. பணக்கார ஊருக்குச் சொத்து பலம் எப்போதும் போல. நடுவில் மாட்டிக்கொண்டவை பட்டியலுக்கு வெளியே, பெரிய தொழிற்சாலையும் இல்லாத, கடற்கரையும் இல்லாத பழைய புறநகர்கள். வரிச் சதவீதப் பட்டியலின் உச்சியில் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

2018இல் வந்த இன்னொரு சட்டம் கணக்கைத் திரும்பவும் கலைத்துப் போட்டது. 2008இல் வகுத்த நிதிச் சூத்திரத்தைவிட அதிக உதவி பெற்றுவந்த மாவட்டங்களுக்குப் படிப்படியாகக் குறைத்து, குறைவாகப் பெற்றவர்களுக்குக் கூட்டினார்கள். குறைக்கப்பட்டவற்றில் முக்கியமானது ஜெர்சி சிட்டி. 'உங்கள் நதிக்கரையில்தான் இவ்வளவு சொத்து இருக்கிறதே' என்பது வாதம். ஊரும் வெளியூர் ஊழியர்களின் சம்பளத்தின்மேல் நிறுவனங்களிடம் 1 சதவீத வரி போட்டுப் பள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தது. அது போதவில்லை, வீட்டு வரியில் பள்ளிப் பங்கு கிடுகிடுவென ஏறியது. மறுமதிப்பீட்டில் வரி குறைந்த கிரீன்வில் வீட்டுக்காரரும் இதில் தப்பவில்லை.

அட்லாண்டிக் சிட்டி: கீழ்ப்பக்கம் சரிந்தால்

மேலே கணக்குக்காகச் சொன்ன தொழிற்சாலை மூடல் நிஜத்தில் நடந்த இடம் அட்லாண்டிக் சிட்டி. சூதாட்ட விடுதிகள் இருந்தவரை அவைதான் ஊரின் வரியில் பெரும்பகுதியைக் கட்டின. 2010 வாக்கில் 2,000 கோடி டாலரைத் தொட்ட ஊரின் வரிக்குரிய மதிப்பு, பக்கத்து மாநிலங்களிலும் கேசினோ திறந்ததும் மளமளவெனச் சரிந்து சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. 2014இல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடின. மிஞ்சியவை தங்கள் மதிப்பீடு அதிகம் என்று அப்பீலுக்குப் போய் ஜெயித்தன. போர்காட்டா விடுதிக்கு மட்டும் ஊர் திருப்பித் தரவேண்டிய தொகை 16.5 கோடி டாலராகச் சேர்ந்திருந்தது, 2017இல் 7.2 கோடிக்குப் பேசி முடித்தார்கள்.

அப்பீல் செய்ய வழக்கறிஞர் படையில்லாத வீட்டுக்காரரின் விகிதம் இதற்கிடையில் ஏறிக்கொண்டே போனது. 2016இல் மாநில அரசு நகர நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்தது. கேசினோக்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 12 கோடி டாலரில் தொடங்கி ஒரு தொகை கட்டிவிட்டால் போதும், தனித்தனி மதிப்பீடும் அப்பீலும் கிடையாது என்று தனிச் சட்டம் வந்தது. ஒரே தொழிலை நம்பிக் குறைந்த வரியை அனுபவித்த ஊருக்கு அந்தத் தொழில் சாயும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மாநிலத்தில் இல்லை.

வரியே கட்டாத சொத்தும் கீழ்ப்பக்கத்தைக் குறைக்கும் இன்னொரு வழி. கோயில், தேவாலயம், பல்கலைக்கழகம், மருத்துவமனை இவற்றுக்கு விலக்கு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் விலக்கை எதிர்த்து ஊர்க்காரர்கள் சிலர் 2011இல் வழக்குப் போட்டார்கள். 2016இல் பல்கலைக்கழகம் 1.8 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அதில் ஒரு பகுதி, வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களின் வரிச் சுமைக்கு. விவசாய நிலச் சலுகையும் உண்டு: ஐந்து ஏக்கர் நிலமும் ஆண்டுக்கு 1,000 டாலர் விளைச்சல் விற்பனையும் காட்டினால் நில வரி அடியோடு இறங்கிவிடும். 1964இல் நிஜ விவசாயிகளைக் காப்பாற்றக் கொண்டுவந்தது. மாளிகைக்குப் பின்னால் விறகு வெட்டி விற்றுக் கணக்குக் காட்டும் 'விவசாயி'களும் இதில் உண்டு.

பில் வரும் நாளில்

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஆண்டுக்கு நான்கு தவணையாக வந்து சேரும்: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் தேதி. முதல் இரண்டும் போன ஆண்டு வரியின் அடிப்படையில் போட்ட தோராயம். பட்ஜெட்டுகள் முடிந்து கவுன்ட்டி விகிதத்தை நிர்ணயித்த பிறகு வருவது ஆகஸ்ட் பில். முழு ஆண்டின் ஏற்றமும் கடைசி இரண்டு தவணையில் விழும் என்பதால், ஐந்து சதவீத உயர்வுகூட அந்த பில்லில் பத்து சதவீதமாகத் தெரியும். வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு வங்கியே, மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து கட்டிவிடும். அவர்களுக்கு அதிர்ச்சி சில மாதம் கழித்து, 'உங்கள் எஸ்க்ரோவில் பற்றாக்குறை' என்ற கடிதமாக வரும். நிலுவை வைத்தால் முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வட்டி போடலாம்.

வரி அதிகம் என்று அப்பீல் செய்ய முடியாது. மதிப்பீடு தவறு என்றுதான் செய்ய முடியும். வழக்கமான ஆண்டில் பெரும்பாலான கவுன்ட்டிகளில் ஏப்ரல் 1 கடைசி நாள், மறுமதிப்பீடு நடந்த ஊர்களுக்கு மே 1. அதிலும் ஒரு நுட்பம்: ஊரின் சராசரி விகிதாச்சாரத்திலிருந்து 15 சதவீதத்துக்குள் உங்கள் மதிப்பீடு இருந்தால், பொதுவாகத் தொட மாட்டார்கள். வேறு ஊர்க்காரர் குறைவாகக் கட்டுகிறாரே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஒப்பீடு எல்லாமே ஊருக்குள்தான்.

அரசுகள் கொண்டுவந்த நிவாரணங்கள் எல்லாம் இந்த பில்லின் மீது ஒட்டும் மருந்துப் பட்டிகள். 2010இல் சட்டமாகி அடுத்த ஆண்டு முதல் அமலான 2 சதவீத உச்சவரம்பு, ஊராட்சியும் பள்ளியும் கவுன்ட்டியும் வசூல் தொகையை அதற்கு மேல் கூட்டக் கூடாது என்கிறது. கடன் தவணை, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றில் விலக்கு உண்டு. ஏற்றத்தின் வேகம் உண்மையிலேயே குறைந்தது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றென்பதால் ஊர்களுக்கு இடையே இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆங்கர் திட்டம் வருமானத்தைப் பொறுத்து வீட்டுக்காரருக்கு 1,000 அல்லது 1,500 டாலர் தருகிறது, வாடகைக்கு இருப்பவருக்கு 450. ஸ்டே என்.ஜே. திட்டம் 2023இல் சட்டமானபோது, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வரியில் பாதியை, 6,500 டாலர் வரை, திருப்பித் தருவதாகச் சொன்னது. ஆண்டு வருமானம் 5 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் போதும் என்றது. பாதி என்பது தொகையில் பாதி என்பதால், அந்தக் கணக்கில் பெரிய பில் உள்ள பணக்கார ஊர் முதியவருக்கு உச்சத் தொகை முழுதும் கிடைக்கும், வுட்லின் முதியவருக்கு அதில் ஒரு பகுதிதான். மத்திய வருமான வரியில் மாநில, உள்ளூர் வரிகளைக் கழிப்பதற்கு 2017இல் 10,000 டாலர் வரம்பு வந்தபோது வடக்கு நியூ ஜெர்சி கொதித்தது, 2025இல் அதை 40,000 ஆக்கினார்கள். அந்தக் கொதிப்பிலும் வுட்லினுக்குப் பங்கில்லை, அவர்களின் பில் அந்த வரம்பைத் தொடுவதில்லை.

நோயின் மூலம் எல்லைக்கோடு என்றால் மருந்து ஊர்களை இணைப்பது. ஆளுநர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதற்குப் பலன்: 2013இல் பிரின்ஸ்டன் பரோவும் பிரின்ஸ்டன் டவுன்ஷிப்பும் ஒன்றாயின. 2022இல் பைன் வேலி என்ற கோல்ஃப் மைதான ஊர் பைன் ஹில்லோடு சேர்ந்தது. 566 ஊர்கள் 564 ஆயின. லாக் ஆர்பர் போன்ற இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் கடலோரக் கிராமமோ நேரெதிர்த் திசையில் போனது. சில மாணவர்களுக்காகப் பல லட்சம் டாலர் பள்ளி வரி கட்டுகிறோம் என்று 2016இல் வாக்கெடுப்பு நடத்திப் பழைய பள்ளி மாவட்டத்திலிருந்து விலகி, தன் மாணவர்களை வேறு மாவட்டப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பள்ளி மாவட்டங்கள் இணைவதைப் பற்றி ஆராய 2022இல் ஒரு சட்டம் மானியம் அறிவித்தது. ஆய்வுகள் நடக்கின்றன. இணைந்தால் இரண்டு ஊர்களின் விகிதமும் நடுவில் எங்கோ வந்து நிற்கும், அப்போது ஒரு பக்கத்துக்கு வரி கட்டாயம் ஏறும். வாக்குச்சீட்டு அந்தப் பக்கத்துக்காரர் கையிலும் இருக்கிறது.